அடுப்படியில் டீசல் பிறக்குமா? டென்மார்க்கின் அனுபவம் எமக்குச் சொல்வது

எரிபொருள் விலை ஏறும் காலமெல்லாம் ஒரு பழைய கேள்வியும் கூடவே தலைதூக்குவது வழக்கம்: டீசலை நாமே செய்துகொண்டால் என்ன? 2022ஆம் ஆண்டில் ரஸ்யா உக்ரேன் மீது படையெடுத்ததை அடுத்து ஐரோப்பா எங்கும் எரிபொருள் விலைகள் உயர்ந்தபோது, டென்மார்க்கில் வாழும் எம்மவர் மத்தியிலும் இக்கேள்வி எழுந்தது. தொட்டியிற் பாசி வளர்த்து எண்ணெய் பிழியலாம், நுண்ணங்கிகளைக் கொண்டு கழிவை டீசலாக்கலாம், உணவகங்களில் மீந்துபோகும் பொரித்த எண்ணெயை வாகனத்துக்கு ஊற்றலாம் என்றெல்லாம் அன்று தொட்டுப் பேசப்பட்டு வருகின்றது. இவற்றில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய வேண்டிய தேவை, வேறெந்தச் சமூகத்தையும்விட எமக்கு அதிகம். ஏனெனில், எரிபொருளை ஒரு மக்கள் கூட்டத்துக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்த முடியும் என்பதை நாம் நூல்களிற் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

தடைக்காலத்துப் பட்டறிவு

1990ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு லக்சபான மின்சாரம் வராமற் போயிற்று. பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் அளந்து அனுப்பப்பட்டது. அதுவும் கொழும்பு விலையிலும் பன்மடங்கு அதிகமாக விற்கப்பட்டது. அந்நாட்களில் எமது மக்கள் கையாண்ட உபாயங்களை வாசகர்கள் பலர் நேரிற் கண்டிருப்பர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களையும் ஓட்டினர். நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்த தோட்டங்களில் துலா மீண்டும் ஏறி இறங்கியது.

இவையனைத்தும் போற்றுதற்குரியவை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அவை எரிபொருளைச் சிக்கனப்படுத்திய வழிகளேயன்றி, எரிபொருளை உண்டாக்கிய வழிகள் அல்ல. மண்ணெண்ணெயும் கப்பலிலேதான் வரவேண்டியிருந்தது. குழாயின் திருகு இன்னொருவர் கையிலேயே இருந்தது.

இத்தகைய நிலைமை டென்மார்க் மக்களுக்கும் ஒருகாலத்தில் வாய்த்தது என்பதை இங்கு வாழும் எம்மவரிற் பலர் அறியார். 1940 முதல் 1945 வரை ஜேர்மனியப் படைகளின் பிடியில் இந்நாடு இருந்தபோது, எண்ணெய் வரவு ஏறத்தாழ முற்றாக நின்றது. டேனிய மக்கள் லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் இரும்புக் கலங்களைப் பொருத்தி, மரக்கட்டைகளைப் போதிய காற்றின்றி எரியவிட்டு, அதிலிருந்து வெளிவரும் வாயுவைக்கொண்டு அவற்றை ஓட்டினர். போர் முடிந்தது, எண்ணெய் மீண்டும் வந்தது, கலங்கள் பழைய இரும்பாயின. தேவை நீங்கியதும் உபாயமும் மறைந்தது. அந்நாட்டின் உண்மையான மாற்றம் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே தொடங்கியது. அதனைக் கூறுமுன், இன்று பேசப்படும் பாசி டீசலின் கணக்கைப் பார்ப்போம்.

பாசியின் கணக்கு

பாசியில் எண்ணெய் உண்டு என்பது கட்டுக்கதையன்று. எமது பாடநூல்களில் அல்காக்கள் எனப் படித்த நுண்ணுயிர்களிற் சில, தம் உடல் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பைச் சேர்த்துவைக்க வல்லவை. அவை சூரிய ஒளி, காபனீரொட்சைட்டு, நீர், சிறிது உப்புச் சத்துக்கள் ஆகியவற்றையே உண்டு வளர்கின்றன, விளைநிலம் கேட்பதில்லை. டீசல் இயந்திரமும் தாவர எண்ணெயை வெறுப்பதில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. இவ்விரு உண்மைகளையும் இணைத்துப் பார்ப்பவர்க்கு வழி திறந்துவிட்டதாகவே தோன்றும்.

தடை எங்கே வருகின்றது? முதலாவது தடை ஒளி. டென்மார்க்கில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஓராண்டில் விழும் சூரிய சக்தி ஏறத்தாழ 1,000 கிலோவாற்று மணியாகும். நன்கு பராமரிக்கப்படும் பாசித் தொட்டி அதில் 2 வீதத்தைத் தன் உடலாக மாற்றுகின்றது எனக் கொள்வோம். அது 20 கிலோவாற்று மணி. அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகக் கிடைத்தால் ஏறத்தாழ 7 கிலோவாற்று மணி. ஒரு லீற்றர் டீசலிலோ ஏறத்தாழ 10 கிலோவாற்று மணி சக்தி அடங்கியுள்ளது. ஆகவே ஒரு சதுர மீற்றர் தொட்டி ஆண்டு முழுவதும் உழைத்துத் தருவது முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஹேர்னிங்கிலோ ஓகூசிலோ நான்கு சதுர மீற்றர் பல்கணி உள்ள ஒரு குடும்பம் ஆண்டுக்கு மூன்று லீற்றரையும் எட்டாது. ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு சிறிய காருக்கு 1,300 சதுர மீற்றருக்கும் அதிகமான தொட்டி வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை இந்நாட்டில் ஒளியும் இல்லை, வெப்பமும் இல்லை என்பது தனிக்கணக்கு.

இரண்டாவது தடை நீர். தொட்டி நீர் பச்சைப் பசேலெனத் தோன்றினும், ஒரு தொன் நீரில் இருக்கும் உலர்ந்த பாசி அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையே. ஒரு லீற்றர் எண்ணெய் எடுக்க மூன்று கிலோ உலர்ந்த பாசி தேவையென்றால், மூன்று முதல் ஆறு தொன் வரையான நீரை வடிக்கவோ சுழற்றிப் பிரிக்கவோ வேண்டும். அதற்குச் செலவாகும் மின்சாரம், கிடைக்கும் எண்ணெயின் சக்தியிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இக்கணக்கை எம்மைவிடப் பெரியவர்களும் போட்டுப் பார்த்துள்ளனர். ஐக்கிய அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் செலவிட்டுப் பாசி எண்ணெய் ஆய்வை நடத்தி, கச்சா எண்ணெயின் விலையோடு போட்டியிட இயலாது எனக் கண்டு நிறுத்தியது. எக்சன்மோபில் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் 600 மில்லியன் டொலர் வரை செலவிடப்போவதாக அறிவித்து இதே துறையில் இறங்கியது; 2023ஆம் ஆண்டில் அதிலிருந்து விலகியது. உலகின் பெரும் எண்ணெய் நிறுவனம் ஒன்று பதின்நான்கு ஆண்டுகள் முயன்றும் வணிகமாக்க முடியாததை, நிலவறையில் நான்கு கண்ணாடித் தொட்டிகளை வைத்து நாம் சாதித்துவிடலாம் என எவரேனும் கூறினால், அவர் விற்கும் பொருள் டீசலன்று, ஆசையே எனக் கொள்ளல் வேண்டும்.

அத்தகைய ஆசைக்கு எமது மொழி பேசும் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1996ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை, மூலிகையை நீரிலிட்டுக் கொதிக்கவைத்துப் பெற்றோல் உண்டாக்குவதாகக் கூறியபோது பத்திரிகைகள் அதனைத் தலைப்புச் செய்தியாக்கின. தமிழனின் கண்டுபிடிப்பை உலகம் மறைக்க முயல்கின்றது எனப் புலம்பெயர் நாடுகளிலும் பேசப்பட்டது. விஞ்ஞானிகள் முன்னிலையில் அக்கூற்று நிலைபெறவில்லை. கலப்பட எரிபொருளை மூலிகை எரிபொருள் என விற்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2016ஆம் ஆண்டு சென்னை நீதிமன்றம் ஒன்று அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இனப்பெருமை வேறு, வெப்ப இயக்கவியல் வேறு. நீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். எந்த மூலிகையும் அதனை எரிபொருளாக்காது.

சமையலறை இரசாயனம்

பொரித்த எண்ணெயின் கதை இதனின்றும் வேறானது. அது உண்மையில் நடைபெறக்கூடியது. ஆகவே அதன் ஆபத்தும் உண்மையானது. தாவர எண்ணெய் தடிப்பானது; குளிரில் உறைவது. அதனை மெதனோலுடனும் சிறிதளவு எரிசோடாவுடனும் கலந்து சூடாக்கினால், கிளிசரோல் அடியில் தங்க, மேலே டீசலை ஒத்த மெல்லிய திரவம் மிதக்கும். 100 லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லீற்றர் மெதனோல் வேண்டும்.

மெதனோல் தோலினூடாகவும் மூச்சினூடாகவும் உடலிற் சேரும் நஞ்சு; கண்பார்வையைப் பறிப்பது. அதன் சுவாலை பகல் ஒளியிற் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. எரிசோடா தசையை அரிப்பது. அடுக்குமாடி வீட்டின் நிலவறையிலோ பிள்ளைகள் விளையாடும் கராஜிலோ இவற்றைச் சூடாக்குவது தற்கொலைக்கு ஒப்பானது. தீ விபத்து நேர்ந்தாற் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு மறுக்கவும் இடமுண்டு.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சக்தி வரி நெறிமுறையின்படி, வாகன எரிபொருளாகப் பயன்படுத்தப்படும் எப்பொருளும், அது கடையில் வாங்கிய சமையல் எண்ணெயாக இருப்பினும், அதற்கு இணையான எரிபொருளைப்போல வரிக்கு உட்பட்டது. வரி அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் ஊற்றுவது வரி ஏய்ப்பாகக் கொள்ளப்படலாம். வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு தண்டப்பணப் பதிவு எத்தனை ஆண்டுக் காத்திருப்பைக் கூட்டக்கூடும் என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் அறியவேண்டும் என்பதில்லை.

இதன் பொருள் டென்மார்க்கில் தாவர எண்ணெயும் கழிவுக் கொழுப்பும் எரிபொருளாகவில்லை என்பதன்று. வடமேற்கு யூலாண்டின் தியூ பகுதியில் பிறேபென் மேகோர் என்பவர் 1983ஆம் ஆண்டில் நிறுவிய மக்கள் சக்தி நிலையம், கடுகினத்தைச் சேர்ந்த ராப்ஸ் விதையைப் பண்ணையிலேயே பிழிந்து, அதற்கேற்ப மாற்றியமைத்த வாகனங்களை ஓட்டிக் காட்டியது. யூலாண்டின் லொய்ஸ்னிங்கில் உள்ள ஆலை ஒன்று இறைச்சித் தொழிலின் கழிவுக் கொழுப்பிலிருந்து டீசல் செய்கின்றது. நுண்ணங்கிகளிலிருந்து நொதியங்களைப் பெறுவதில் உலகப் பெயர்பெற்ற டேனிய நிறுவனமான நொவோசைம்ஸ், தரங்குறைந்த பொரித்த எண்ணெயையும் டீசலாக்க உதவும் நொதியம் ஒன்றை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆலையில் அளவையும் கண்காணிப்பும் உண்டு, அடுப்படியில் இல்லை. வேறுபாடு அங்கேயே உள்ளது.

செத்த சிங்கிறால்களும் சாணக் குழிகளும்

நுண்ணங்கிகளைக் கொண்டு டென்மார்க் சாதித்த பெருங்காரியம் திரவ டீசல் அன்று, வாயு. அதன் வரலாறே எமது மக்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தனது சக்தித் தேவையில் ஏறத்தாழ 90 வீதத்தை இறக்குமதி எண்ணெயிலிருந்தே பெற்றுவந்தது. அவ்வாண்டு நவம்பர் 25 தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்து திரிந்தனர். இம்முறை அவர்கள் மறந்துவிடவில்லை. காற்றாலைகளையும், ஊர்முழுவதற்கும் குழாய்வழி வெந்நீர் வழங்கும் முறையையும் வளர்த்தெடுத்தனர். 1985ஆம் ஆண்டில் அணுமின் திட்டத்தை நாடாளுமன்றம் கைவிட்டது.

1986ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கற்றகாற் கடலிற் பிடிபட்ட செத்த சிங்கிறால்களைத் தொலைக்காட்சியிற் கண்டு நாடே அதிர்ந்தது. வயல்களிலிருந்து வழிந்தோடிய நைதரசன் உரமும் பன்றிச் சாணமும் கடலிற் பாசியைப் பெருக்கி, அப்பாசி செத்து அழுகியபோது நீரின் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டிருந்தது. 1987ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நீர்ச்சூழற் காப்புத் திட்டத்தை நிறைவேற்றியது. சாணத்தை நினைத்தபோது வயலில் இறைக்க முடியாது, மாதக்கணக்கிற் சேமித்துவைக்க வேண்டும் என்ற நிலை விவசாயிக்கு ஏற்பட்டது. தனித்தனியே குழி கட்டுவதிலும், பலர் கூடி ஒரு பொது ஆலை அமைத்தல் நன்று என அவர்களிற் பலர் கண்டனர். மேற்கு யூலாண்டின் லெம்விக் நகருக்கு அருகில் 1992ஆம் ஆண்டில் தொடங்கிய உயிர்வாயு ஆலை அவ்வாறு பிறந்தவற்றுள் ஒன்று. அது விவசாயிகளின் கூட்டுறவுக்குச் சொந்தமானது. அதன் வெப்பம் லெம்விக் நகரத்து வீடுகளைச் சூடாக்கி வருகின்றது.

ஆலையில் நடப்பது எளிமையானது. காற்றுப் புகாத பெருங்கலத்தில் சாணக் கரைசலும் ஆலைக்கழிவும் ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் வாரக்கணக்கில் வைக்கப்படுகின்றன. ஒரு கூட்டம் நுண்ணங்கிகள் கொழுப்பையும் புரதத்தையும் மாப்பொருளையும் உடைக்கின்றன. இன்னொரு கூட்டம் அவற்றை அமிலங்களாக்குகின்றது. இறுதிக் கூட்டம் மெதேன் வாயுவாக்குகின்றது. வாயு தானாகவே மேலெழும்புகின்றது. பாசியைப்போல அதனை நீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டியதில்லை. மிஞ்சும் கரைசல், பயிர் இலகுவில் உறிஞ்சத்தக்க உரமாக அதே விவசாயிக்குத் திரும்புகின்றது. ஒரு கன மீற்றர் மெதேனில் ஒரு லீற்றர் டீசலுக்கு ஒப்பான சக்தி உண்டு. காபனீரொட்சைட்டை நீக்கினால், அவ்வாயுவை நாட்டின் எரிவாயுக் குழாயிலேயே செலுத்தலாம். லொறியும் பேருந்தும் ஓட்டலாம்.

பாசிக்கும் இங்கு இடம் கிடைத்தது. கொப்பன்ஹேகனுக்குத் தெற்கே கோகே விரிகுடாக் கரையில் கடற்பாசி ஒதுங்கி அழுகுவதால் எழும் நாற்றம் சோல்றொட் நகரத்தாருக்கு நெடுங்காலத் தொல்லையாக இருந்தது. நகராட்சி அப்பாசியை வாரி, சாணத்துடனும் அண்மையில் உள்ள ஆலைகளின் கழிவுடனும் சேர்த்து வாயுவாக்க 2015ஆம் ஆண்டில் ஓர் ஆலையைத் திறந்தது. பாசியின் பங்கு சிறிதே. எனினும் கரை துப்புரவாகின்றது, கடலுக்குட் செல்லும் மிகை உரமும் குறைகின்றது.

இவற்றின் பயன் 2022ஆம் ஆண்டிற் புலனாகியது. ரூபிளிற் பணஞ்செலுத்த மறுத்த டேனிய நிறுவனமான எர்ஸ்ரெட்டுக்கு யூன் 1ஆம் திகதி ரஸ்யாவின் காஸ்புறொம் வாயுவை நிறுத்தியது. வடகடலில் டென்மார்க்கின் சொந்த வாயுக்களமான தூறாவும் திருத்த வேலைக்காக 2019 முதல் மூடப்பட்டிருந்தது. ஆயினும் நாடு முடங்கவில்லை. 2023ஆம் ஆண்டில் டேனிய எரிவாயு நுகர்வில் ஏறத்தாழ 40 வீதத்துக்கு ஈடான உயிர்வாயு குழாய்களிற் சேர்க்கப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் இதனை 100 வீதமாக்குவது அரசின் இலக்கு.

மறுபக்கம்

இதனைக் குறையற்ற வெற்றி எனக் கூறுவதற்கில்லை. 2012ஆம் ஆண்டுச் சக்தி உடன்பாட்டின் பின்னர் வழங்கப்பட்ட பெருமளவு அரச மானியமே இவ்வளர்ச்சியின் முதுகெலும்பு. தொடக்ககாலக் கூட்டுறவு ஆலைகளுக்கு அருகில் இன்று பெருமுதலீட்டு நிறுவனங்களின் ஆலைகளும் எழுந்துள்ளன. கலங்களிலிருந்து கசியும் மெதேன், காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வலிமையாகப் புவியைச் சூடாக்குவது. மக்கள் தொகையைப் பன்மடங்கு விஞ்சிய பன்றி வளர்ப்புக்கு இவ்வாலைகள் நியாயம் தேடித் தருகின்றன என்ற கண்டனமும் உண்டு. அதிற் பொருள் இல்லாமலில்லை. வைக்கோலிலிருந்து எதனோல் எடுக்கக் கலுண்ட்போவில் 2009ஆம் ஆண்டில் திறந்த மாதிரி ஆலை வணிகமாக வளரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. டேனியர்களும் தோற்ற இடங்கள் உண்டு. ஆயின் தோல்வியை அவர்கள் ஒரு குடும்பத்தின் தலையிற் சுமத்தவில்லை. பலர் பகிர்ந்து தாங்கினர்.

எமது மண்ணுக்கு

யாழ்ப்பாணத்தில் டீசல் இல்லாத துன்பத்தை மட்டுமன்றி, டீசல் இருந்ததால் விளைந்த துன்பத்தையும் எமது மக்கள் கண்டுள்ளனர். சுன்னாகத்தில் இயங்கிய தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து கிணறுகளைக் கெடுத்தது தொடர்பான வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் அந்நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டில் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் வரிசை காலி முதல் பருத்தித்துறை வரை நீண்டது. தடைக்காலத்தை அறியாத தென்னிலங்கை மக்களும் அன்று சைக்கிளைத் தேடினர்.

அங்கு சூரிய ஒளி டென்மார்க்கிலும் ஏறத்தாழ இருமடங்கு. நுண்ணங்கிகள் விரும்பும் வெப்பம் ஆண்டு முழுவதும் இலவசமாகவே உண்டு. நான்கைந்து மாடுகளின் சாணம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கப் போதுமானது என்பது இந்தியக் கிராமங்களில் நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. மீன் சந்தைகளின் கழிவும், அரிசி ஆலைகளின் உமியும், நகரங்களின் குப்பையும் பயனின்றி அழுகுகின்றன. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று மிகையோ, 1986இல் டேனியரை அதிரவைத்த அதே நோயின் இன்னொரு வடிவம். ஆக, மூலப்பொருளும் உண்டு, தேவையும் உண்டு.

கூட்டுறவும் எமக்குப் புதியதன்று. 1882ஆம் ஆண்டில் மேற்கு யூலாண்டின் யெடிங் கிராமத்திற் பாற்பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கிய விவசாயிகளைப்போல, மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்திய மக்கள் நாம். சங்கக்கடையும் ஐக்கிய நாணய சங்கமும் இல்லாத ஊர் எமது பகுதியில் அரிது. அச்சங்கங்கள் போரினாலும் அரசியலினாலும் நலிவுற்றன, அழிந்துவிடவில்லை.

எனவே டென்மார்க்கில் வாழும் எம்மவரிடம் நாம் கேட்பவை மூன்று. வீட்டிலே டீசல் செய்யும் முயற்சியைக் கைவிடுங்கள். அதற்கென எவரேனும் பங்குப்பணம் கேட்டால், எத்தனை சதுர மீற்றர், எத்தனை தொன் நீர் என்ற கணக்கை முதலிற் கேளுங்கள். இங்கு படிக்கும் எமது பிள்ளைகளிற் சிலராவது மருத்துவம், கணினி ஆகியவற்றுக்கு அப்பால், விபோர்க்குக்கு அருகில் ஓகூஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பூலும் ஆய்வு நிலையத்தின் வாயு ஆய்வுகளையும் எட்டிப்பார்க்கட்டும். ஊருக்கு அனுப்பும் பொதுப் பணத்தில் ஒரு பங்கு, மண்டபங்களுக்கும் கோபுரங்களுக்கும் அப்பால், ஒரு பாற்பண்ணைச் சங்கமோ மீனவர் சங்கமோ தனதென உரிமை கொண்டாடத்தக்க ஒரு சாண வாயுக் கலத்துக்குச் செல்லட்டும்.

ஒரு கலம் ஓர் ஊரைத் தன்னிறைவாக்காது. ஆனால் அதனைக் கட்டி, பராமரித்து, கணக்கெழுதி, இலாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளப் பழகும் ஒரு சங்கம், அடுத்த முறை எவரேனும் திருகை மூடும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்காது. லெம்விக் விவசாயிகள் 1992இல் தொடங்கியது அவ்வளவே.